போகிற பந்துக்குப் பாயாதவர்

லண்டனில் உதைபந்தாட்டம் ஆடி, அதற்கென்று ஏதோ கொஞ்சம் சம்பளமும் வாங்கிய தமிழர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். கிழமை நாட்களில் குரோய்டனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் கோல்கீப்பர். தொலைக்காட்சியில் வருகிற பெரிய கழகங்களுக்கும் அவருடைய கழகங்களுக்கும் இடையில் எத்தனையோ படிகள் இருந்தன. இவருடையது அடிப்படி. அங்கே பார்வையாளர்களை எண்ணும்போது நாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அடிப்படியிலேயே தெற்கு லண்டனைச் சுற்றி எத்தனை கழகங்கள் உண்டோ, அநேகமாக அத்தனையிலும் நின்று பார்த்துவிட்டார். ஒன்றிலும் இரண்டு குளிர்காலம் முழுதாகத் தாண்டியதில்லை. எல்லோரும் அவரை ஒரே காரணத்துக்காகத்தான் நிறுத்தினார்கள். அவர் போகிற பந்துக்குப் பாயமாட்டார்.

இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். கைக்கு எட்டக்கூடிய பந்தென்றால் அவர் பாய்வார். சேற்றில் மூக்குப் புதையப் பாய்வார். எட்டாது என்று கண்டுவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றுகொள்வார். பஸ் போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஓடாத ஆளைப் போல, தலையை மட்டும் திருப்பிப் பந்து வலைக்குள் போவதைப் பார்ப்பார். பிறகு மெதுவாக நடந்து போய் அதை எடுத்து வருவார்.

மற்றக் கோல்கீப்பர்கள் அப்படியில்லை என்பதைப் போகப் போகத்தான் அறிந்தேன். போகிற பந்துக்கும் அவர்கள் பாய்ந்தார்கள். கையை நீட்டி, உடம்பை வளைத்து, பொத்தென்று விழுந்து, விழுந்த இடத்தில் நிலத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். கோல் என்னவோ கோல்தான். ஆனாலும் சனம் பாவம் பார்த்துக் கைதட்டியது. இவருக்கு ஏச்சு விழுந்தது.

எனக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என் கணவருக்குச் சனிக்கிழமைகளில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். வீட்டில் தனியே இருந்து சுவரைப் பார்க்கிறேன் என்று ஒருநாள் இவரிடம் புலம்பினேன். "வாறதெண்டால் வாங்கோ, தங்கச்சி. பார்க்கிறதுக்குப் பெரிசா ஒண்டுமில்லை," என்றார். அவருக்கு வருகிற அழைப்பு அவ்வளவுதான். நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அன்று தொடங்கியது, கோல் வலைக்குப் பின்னால் நின்று அவருக்கு விழுகிற ஏச்சையெல்லாம் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

"ஏன் அண்ணை, சும்மா ஒருக்கால் பாய்ஞ்சால் என்ன?" என்று திரும்பி வரும் ரயிலில் கேட்டேன்.

"அது பிடிக்கேலாத பந்து."

"உங்களுக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதுதானே."

"பாய்ஞ்சாலும் கோல்தானே, தங்கச்சி," என்றார்.

என் கணவரும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். கணவரிடம் கேட்டபோது வேறு ஒரு விளக்கம் கிடைத்தது. அவர்கள் ஆடிய மைதானத்தில் புல் என்பது பேச்சுக்குத்தானாம், கல்லும் குருமணலும். ஒருமுறை பாய்ந்தால் இடுப்பிலிருந்து முழங்கைவரை தோல் உரியும். ஆகவே அங்கே கோல் காத்தவர்கள் எல்லோரும் பாயுமுன் யோசித்தார்கள். இங்கிலாந்தின் சேறு மெத்தை, எத்தனை தரமும் விழலாம். இந்த விளக்கம் சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருந்தார். அங்கேயெல்லாம் கல்லும் மணலும் இல்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் வீட்டில் "இன்னும் கொஞ்சம்" என்றால், வேண்டாம் வேண்டாம் என்று தட்டைக் கையால் மூட வேண்டும். பரிமாறுகிறவள் அந்தக் கையை விலக்கிப் போட வேண்டும். இவர் அந்த விளையாட்டுக்கு வரவே மாட்டார். வேண்டுமென்றால் "ஓம்". வேண்டாமென்றால் "காணும்". அதற்குப் பிறகு போட்டால் போட்டது போட்டபடி தட்டில் கிடக்கும். ஒருநாள் என் இறால் குழம்பு எப்படி என்று வாயைக் கொடுத்தேன். "உப்புக் கூட," என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் குழம்பை வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்த என் கணவர், அன்று அவரைப் பார்த்த பார்வையில் நன்றி தெரிந்தது. எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம் வந்தது.

பிறகு வெம்பிளியில் ஒரு கலியாண வீடு. அந்தக் காலத்து லண்டன் கலியாணங்களில் ஐயருக்கு மேலே வீடியோக்காரர். தாலி கட்டுவதையே கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு லைட்டைத் திருப்புவார்கள். இவர் மேடையேறி, மணமக்களுக்கு அறுகரிசி போட்டுவிட்டு இறங்கப் போனார். கமெராவில் சரியாக விழவில்லை, இன்னொருமுறை போடுங்கள் என்றார் வீடியோக்காரர்.

"போட்டாச்சுத் தம்பி."

"சும்மா போடுற மாதிரிக் கையைக் காட்டுங்கோ, அண்ணை. காணும்."

"அதுகள் நல்லாயிருக்கோணும் எண்டு நினைச்சுத்தான் போட்டனான். அது முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் பந்தியில் போய் உட்கார்ந்தார். அந்த வீடியோவில் அவர் இல்லை. பெண்ணின் தாய் இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

இப்படி நின்றதால் ஒரேயொருமுறை புகழும் வந்தது. மிட்சம் பக்கத்தில் ஒரு கழகத்துக்கு நின்றபோது கடைசி நிமிடத்தில் எதிரணிக்குத் தண்டனை உதை கிடைத்தது. உதைக்கிறவன் ஓடிவந்தான். எந்தக் கோல்கீப்பரும் வலமோ இடமோ ஒரு பக்கம் பாய்ந்திருப்பான். இவர் நடுவில் நின்றார். பந்து நேராக வந்து அவருடைய நெஞ்சில் விழுந்தது. அணிக்காரர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். இப்படி மனத்தத்துவம் தெரிந்த ஆளை வாழ்க்கையில் கண்டதில்லை என்று என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் தன் நாய்க்குச் சொன்னார். நான் பெருமையோடு இவரிடம் கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "கண்டுபிடிக்கேல்லை. எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை, அதுதான் நிண்டனான்," என்றார். அதைக் கழகத்தாரிடமும் சொல்லியிருக்கிறார். அந்தப் புகழும் அதோடு சரி.

அவரை ஆகக் கூடிய காலம் வைத்திருந்தது சட்டன் என்ற ஊருக்கு அப்பால் ஒரு கழகம். அதன் மனேஜர் பகலில் தண்ணீர்க்குழாய் திருத்துகிறவர். பெரிய தொண்டை, சிவந்த கழுத்து. நல்ல மனிதன். ஒரு சனிக்கிழமை இடைவேளையில் அவர் கோல் கம்பத்தடிக்கே நடந்து வந்தார். நான் வலைக்குப் பின்னால் நிற்கிறேன். பந்தைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, விழு, விழவாவது செய், கழகத் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கெஞ்சினார். இவர் தன்னுடைய சிக்கன ஆங்கிலத்தில் பதில் சொன்னார். விழுந்தால் எழும்ப நேரமெடுக்கும்; பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தால் யார் பிடிப்பது? மனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. நின்றபடியே பிடித்தார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பந்துகள் வலையின் மூலைக்குள் போயின. இரண்டையும் தலையைத் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை மனேஜர் போன் எடுத்து, இனி வரவேண்டாம், தலைவர் கேட்கிறார் இல்லை, மன்னித்துக்கொள் என்றார். இவர் கையுறைகளைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, அடுத்த கழகத்துக்கு எந்த ரயில் என்று விசாரித்தார்.

இவ்வளவும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவருடைய கேஸ் வரும்வரைக்கும்.

அவருக்கு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். இரண்டு பேரும் சாவகச்சேரியில். ஊரில் இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு முகாமில் வைத்து அடித்திருக்கிறார்கள். வெளியே வந்தபின் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். வருடக்கணக்காகப் பதில் இல்லை. கேஸ் சரிவந்தால் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடலாம். சரிவராவிட்டால் இவரையே திருப்பி அனுப்புவார்கள். முகாம் விஷயம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் படியிறங்கும்போது அவர் ஒருபக்கமாகத் திரும்பி இறங்குவதைப் பார்த்து, ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முகாமிலை அடிச்சவை. குளிருக்கு மட்டுந்தான் தெரியுது," என்றார். எங்கள் வீட்டில் அதைப் பற்றி அவர் கதைத்தது அவ்வளவுதான்.

விசாரித்த அதிகாரியிடமும் அவ்வளவுதான் கதைத்திருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சொன்னது மிகக் குறைவு, துன்பப்பட்ட ஒருவர் சொல்கிற விதமாகவும் இல்லை என்பது காரணம்.

மேல்முறையீடு போட்டோம். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அகதிக் கேஸ்களில் சனத்துக்கு வழிகாட்டுகிறவர். அவர் நல்ல எண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து இவரைப் பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி, அடிச்சவை எண்டு மொட்டையாய்ச் சொன்னால் காணாது. எப்பிடி அடிச்சவை, நீர் எப்பிடிக் கத்தினனீர், எல்லாம் சொல்லோணும். ஒருக்கால் அழுதாலும் பிழையில்லை."

"நான் கத்தேல்லை."

"கத்தினதெண்டு சொல்லுமன்."

"கத்தினால் இன்னும் அடிப்பினம் எண்டுதான் கத்தாமல் இருந்தனான்."

"அதையாவது சொல்லலாந்தானே, தம்பி."

"விசாரிச்சவை அதைக் கேக்கேல்லை."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். எங்கள் சனம் பொய் சொன்னது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டதை அழுது சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. அழுகை வந்தால் அழுவதில் என்ன வெட்கம்? கிளாக்கர் போன பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, இது உங்கடை பந்து விளையாட்டில்லை. பிள்ளையை ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ."

"பிள்ளையைத்தான் நினைக்கிறன்," என்றார். "இஞ்சை வந்தால் என்ன நடந்தது எண்டு அவள் என்னைக் கேப்பாள்தானே. ரெண்டு கதை வைச்சிருக்க ஏலாது."

எழுந்து போய் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார். அந்த மனிதனை அன்று எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதோடு பயமாகவும் இருந்தது. முன்னறை வெறுமையாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

வழக்கறிஞர் அம்மா, வெளியாள் ஒருவர் வந்து இவருடைய குணத்தைப் பற்றிச் சாட்சி சொன்னால் நல்லது என்றார். நாங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரிக் கோயிலில் ஒரு நற்சான்று கேட்டோம். நீண்டகால ஆலயத் தொண்டர் என்று எழுதித் தரத் தயாராக இருந்தார்கள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். தான் கோயிலுக்குப் போவது வருடத்தில் ஒருமுறை, அதுவும் அன்னதானத்துக்கு என்றார்.

அவருக்குச் சொல்லாமல் நான் ரயிலேறினேன். சட்டனுக்கு அப்பால் இறங்கி, மழையில் அந்த மைதானத்தைச் சுற்றி நடந்து, குழாய் திருத்துகிற மனேஜரைப் பிடித்தேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டார். வலைக்குப் பின்னால் நிற்கிற பெண். என் ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். அழுதும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அவரைத் திருப்பி அனுப்பப் போகிறார்களா? என்றைக்கு வர வேண்டும்?" என்றார்.

விசாரணை நகரத்தின் நடுவில், ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. நீதிபதியின் இடத்தில் மெலிந்த, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயதானவர். இவரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள்.

"உங்களை அடித்தார்களா?"

"ஓம், அடிச்சவை."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விட்டவை."

வழக்கறிஞர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதிர்த்தரப்பில் இருந்தவர் எழுந்து, கிழமைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்த சித்திரவதை என்று ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னார். இந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள், எதையாவது அனுபவித்த முகமா என்றும் கேட்டார். இவர் முகம் வழக்கம்போல இருந்தது. நான் என் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

பிறகு மனேஜரைக் கூப்பிட்டார்கள். இறுக்கமான கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டு வந்திருந்தார். தனக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று சொல்லிவிட்டு, தானே இவரை நீக்கியதையும் சொன்னார். எதிர்த்தரப்புக்காரருக்கு அது பிடித்துக்கொண்டது.

"நீங்களே நீக்கிய ஒருவருக்காகத்தான் வந்திருக்கிறீர்களா? என்ன குற்றத்துக்காக நீக்கினீர்கள்?"

"பிடிக்க முடியாத பந்துக்கு இவர் பாய்வதில்லை. அதுக்காகத்தான்," என்றார் மனேஜர். "நானும் ஆட்டக்காரனாக இருந்தவன். எல்லாரும் பாய்வோம். ஆட்கள் பார்க்கிறார்களே. இவரிடமும் சும்மா விழச் சொல்லிக் கெஞ்சினேன். விழாவிட்டால் இடம் போகும் என்று இவருக்குத் தெரியும். அப்படியும் விழவில்லை. பிடிக்கக்கூடியது எதையும் விட்டதுமில்லை. இரண்டு குளிர்காலமாக இவரிடம் நான் ஒரு நடிப்பைக் காணவில்லை, ஐயா. எனக்கு அது பெரிய தலையிடியாக இருந்தது." பிறகு அந்தப் பெரிய தொண்டையைத் தாழ்த்திச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை அடிக்கவில்லை என்று இவர் சொன்னால், மற்ற ஆறு நாளும் அடித்திருக்கிறார்கள்."

வயதானவர் குனிந்து நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் இவர் மனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போன பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்தாளை ஏன் கரைச்சல்படுத்தினனீங்கள்? அவருக்கு ஒருநாள் வேலை போச்சு."

"அவர்தான் உங்களைக் காப்பாத்தினது, அண்ணை."

"ஓம். ஆனால் ஒண்டும் விட்டதில்லை எண்டது கொஞ்சம் கூடிப்போச்சு. அங்கை நான் பிடிக்கக்கூடியது ரெண்டு விட்டனான்."

சில கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வழக்கறிஞர் அம்மா போன் எடுத்தார். நான்தான் எடுத்து இவரிடம் கொடுத்தேன். "யெஸ்," என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். மறுபடியும் "யெஸ்," என்றார். பிறகு "தாங்க் யூ" என்று சொல்லி, வயரைச் சிக்கெடுத்துப் போனை வைத்தார்.

"சரிவந்திட்டுதாம். அவையைக் கூப்பிடலாமாம்."

நான் படியில் உட்கார்ந்து குழறி அழுதேன். என் கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சப்பாத்தைத் தேடினார். இவர் சோறு இருக்கிறதா என்று கேட்டார். போட்டேன். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன், "ஓம்" என்றார். இந்த மனிதனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாள் அவர் புதிதாகச் சேர்ந்திருந்த கழகத்துக்கு ஆட்டம். நானும் போனேன். சாதுவான தூறல். முதற்பாதி முடியப் போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். காலில் சரியாகப் படவில்லை. பந்து புல்லில் உருண்டு உருண்டு வந்தது. குழந்தைப்பிள்ளைகூடக் குனிந்து எடுத்திருக்கும். இவர் குனியவில்லை. கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். பந்து அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தால் போய் வலையில் மெதுவாக முட்டி நின்றது.

சனம் சிரித்தது. பந்தை எடுக்க இவர் திரும்பியபோது நான் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டிலிருந்தும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் கோணவில்லை, ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரமாக அப்படி ஓடுகிறதோ தெரியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"கண் தெரியேல்லை, தங்கச்சி," என்றார்.

"மழை, அண்ணை," என்றேன் நான்.

"மழையில்லை," என்றார்.

அடுத்த கிழமை அந்தக் கழகமும் அவரை நிறுத்தியது. அது பிடிக்கக்கூடிய பந்து, அவர்கள் செய்தது சரி என்று அவரே சொன்னார்.